68,000 பைட், ஒரு யூ-இன்ட் 16

இன்னைக்கு நான் எழுதின ஒரே ஒரு வரியைப் பத்தித்தான் பேசப்போறேன். அந்த வரியால மூணு நாள் பஸ்லயும் ஷேர் ஆட்டோவுலயும் ஊர் ஊரா சுத்தியிருக்கேன்.

அப்போ ஒரு சின்ன கம்பெனியில ஃபர்ம்வேர் எழுதிட்டு இருந்தேன். விவசாய மோட்டாரைப் போன்ல இருந்தே ஆன், ஆஃப் பண்ற கன்ட்ரோலர். உள்ள 128 கேபி ஃபிளாஷ் இருக்கிற குட்டி சிப். புது ஃபர்ம்வேர் வந்தா பழசை அழிச்சுட்டு அதே இடத்துல எழுதிக்கும். ரெண்டு காப்பி வெச்சுக்க இடம் கிடையாது. வர்ற ஃபைல் எவ்வளவு பெருசுன்னு வெச்சுக்க ஒரு வேரியபிள் வேணும் இல்லையா? நான் போட்டது யூ-இன்ட் 16. ரெண்டு பைட் மிச்சம்னு ஒரு சந்தோஷம். ஃபைல் அப்போ 52,000 பைட். 65,535 வரைக்கும் தாங்குமே, போதாதா?

ஒன்றரை வருஷம் போதுமா இருந்துச்சு. அப்புறம் ஒரு லைப்ரரி சேர்த்தோம், ஃபைல் 68,000 பைட் ஆச்சு. 16 பிட்டுக்குள்ள அது அடங்காது. 65,536 போக மிச்சம் 2,464. கன்ட்ரோலர் 2,464 பைட் வாங்கிட்டு, வேலை முடிஞ்சதுன்னு ரீபூட் ஆகி, அப்படியே படுத்துடுச்சு. செக்சம் இல்லையான்னு கேப்பீங்க. இருந்துச்சு, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியா. வந்த துண்டு எல்லாமே சரிதான், முழுசா வரலை, அவ்வளவுதான். கம்பைலரும் வாயைத் திறக்கலை. சர்வர் 32 பிட்ல சொன்ன அளவை நான் 16 பிட்ல வாங்கிக்கிட்டேன். ஜிசிசி-ல டபிள்யூ-ஆல் போட்டாலும் இதுக்கு வார்னிங் வராது. டபிள்யூ-கன்வெர்ஷன்னு தனியா கேக்கணும்.

மொத்தம் ஏழு கன்ட்ரோலர். நேர்ல போய் கேபிள் மாட்டித்தான் எழுப்பணும். நல்ல பங்குனி வெயில். ஒரு பெரியவர் காய்ஞ்ச வாய்க்காலைக் காட்டி, "போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு தம்பி, எதுக்கு அதைப் போய் தொட்டீங்க?"ன்னார். பதில் சொல்ல முடியலை.

திரும்பி வந்ததும் டீம்ல இருந்த அக்கா திட்டலை. ஒரு கேள்விதான் கேட்டாங்க: "இந்த நம்பருக்கு எல்லை எதுன்னு யார் முடிவு பண்றாங்க? புரோட்டோகாலா, நீயா?"

யோசிச்சுப் பாருங்க. ஐபி பாக்கெட்டோட மொத்த நீளம் 16 பிட்னு 1981-லயே ஆர்எஃப்சி 791 எழுதி வெச்சாச்சு. யூடிபி நீளமும் 16 பிட்தான், அதுல 8 பைட் ஹெடரும் சேர்த்தி. அதனால ஆடம் டங்கெல்ஸ் ஆரம்பிச்சு வெச்ச லைட்வெயிட் ஐபி ஸ்டாக்ல பஃபரோட நீளத்தை 16 பிட்லயே வெச்சிருக்காங்க. அது நியாயம். எல்லை வெளியில இருந்து வருது. என் ஃபர்ம்வேர் ஃபைலுக்கு அப்படி யாரும் எல்லை போடலை. நானா கற்பனை பண்ணிக்கிட்டேன்.

ஆனா பாக்கெட் 16 பிட்டுக்குள்ள அடங்கினாலும், அதை வெச்சுப் போடுற கணக்கு அடங்கணும்னு இல்லை. 1996-ல உலகத்தையே ஆட்டின பிங் ஆஃப் டெத் இதுதான். பெரிய ஐபி பாக்கெட்டைத் துண்டு துண்டா அனுப்பலாம். ஒவ்வொரு துண்டும் எந்த இடத்துல உட்காரணும்னு சொல்ல 13 பிட், அதை எட்டால பெருக்கணும். அதிகபட்சம் 65,528. அந்த இடத்துல 1,480 பைட் துண்டு ஒண்ணை வெச்சா 67,008. தனித்தனியா பார்த்தா எந்த ஃபீல்டும் தப்பில்லை. கூட்டினாதான் தப்பு. அந்தக் கூட்டலைச் சரிபார்க்காத பல ஆபரேட்டிங் சிஸ்டம் அப்படியே விழுந்துச்சு.

கழித்தல் இன்னும் மோசம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பொறி இது. நீளம்னு யூ-இன்ட் 16-ல 5 வருது. அதுல ஹெடருக்கு 8 கழிச்சு, 512-ஐ விடப் பெருசான்னு பார்க்கிறீங்க. ஆர்டுயினோ யூனோல இன்ட்டே 16 பிட், அதனால விடை 65,533. பெருசு, மாட்டிக்கும். அதே கோடு 32 பிட் ஆர்ம் சிப்புக்குப் போனா, கழிக்கிறதுக்கு முன்னாடியே சி மொழி அதை இன்ட்டா மாத்திடும். விடை மைனஸ் 3. அது 512-ஐ விடப் பெருசு இல்லையே, உள்ள விட்டுடும். அடுத்த வரியில அதே கழித்தலை மெம்காப்பிக்குக் கொடுத்தா, அது சைஸ்-டி ஆகி 4,294,967,293 பைட் காப்பி பண்ணப் பார்க்கும். அதனால இப்பல்லாம் நான் முதல்ல கழிக்கிறதே இல்லை. நீளம் எட்டை விடச் சின்னதா, பாக்கெட்டைத் தூக்கிப்போடு. அப்புறம்தான் கணக்கு.

மெமரியில இருக்கிற பஃபருக்கு சைஸ்-டி போடுவேன். ஃபைல் அளவுக்கு சைஸ்-டியும் வேண்டாம், நேரா யூ-இன்ட் 32. ஏன்னா யூனோ மாதிரி சிப்ல சைஸ்-டியே 16 பிட்தான். 16 பிட்டுக்குச் சுருக்குறது ஒயர்ல அனுப்பும்போது மட்டும், அதுவும் ஒரே ஃபங்ஷன்ல, செக் பண்ணிட்டு. லோக்கல் வேரியபிளை 16 பிட்டாக்கினா ஆர்ம்ல ஒண்ணும் மிச்சமாகாது. ரெஜிஸ்டரே 32 பிட், சில சமயம் மேல் பாதியைத் துடைக்க ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் கூடத்தான் சேரும்.

நான் மிச்சம் பிடிச்ச ரெண்டு பைட்டா? பிரச்சினையெல்லாம் முடிஞ்சப்புறம் ஒரு நாள் அந்த ஸ்ட்ரக்டைத் திறந்து பார்த்தேன். யூ-இன்ட் 16-க்கு அடுத்து ஒரு 32 பிட் ஃபீல்டு. அதைச் சரியான இடத்துல உட்கார வைக்க, கம்பைலர் நடுவுல ரெண்டு பைட் பேடிங் போட்டிருந்துச்சு.