ஒளியைக் கண்ட இருவர்

 

1799 அக்டோபர் 16-இல் இக்கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டவர்கள், அவனைக் கலகக்காரன் என்றே தம் ஏடுகளில் எழுதிவைத்தனர். ஒருவன் பெயரை எழுதுவோர் கையில் எத்துணை வலிமையுண்டு என்பதை உங்கட்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இங்கிருந்து வடக்கே, மேற்கு மலையடியில் உள்ள வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த க. சீ. கிருட்டிணன் பெயரும் எழுதுவோர் கையில் தேய்ந்த ஒன்று.

இராமன் விளைவு என்றால் பள்ளிச் சிறுவனும் அறிவான். அதைக் கண்ட ஆய்வு எவ்வாறு நடந்தது? கல்கத்தாவில், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், 18 செ.மீ. அகலமுள்ள தொலைநோக்கி வில்லையால் கதிரவன் ஒளியைக் குவித்து நீர்மத்துள் செலுத்தினர். நீல ஊதா வடிகண்ணாடி ஒன்று. மஞ்சட்பச்சை வடிகண்ணாடி மற்றொன்று. இரண்டையும் ஒளி வரும் வழியில் வைத்தால், ஒன்று விடுவதை மற்றது தடுக்கும்; நீர்மம் இருண்டுவிடும். பின்னர் மஞ்சட்பச்சைக் கண்ணாடியை மட்டும் எடுத்துக் காண்பவர் கண்ணுக்கு முன்னே வைத்தனர். ஒளியின் நிறம் மாறாதிருப்பின் அப்போதும் இருளே தெரிதல் வேண்டும். ஆனால் மங்கலாய் ஓர் ஒளித்தடம் தெரிந்தது! நீர்மத்துள் சிதறிய ஒளியின் ஒரு சிறுகூறு நிறம் மாறியிருந்தது. வெற்றிடத்தில் மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மை செய்த நீர்மங்கள் வேண்டியிருந்தன. ஏறத்தாழ அறுபது நீர்மங்களை ஆய்ந்தனர். எத்துணைப் பொறுமை!

இதனை இங்கிலாந்தின் 'நேச்சர்' இதழுக்கு எழுதிய மடல் 1928 பிப்பிரவரி 16ஆம் நாளிட்டது. மார்ச்சு 31-இல் வெளிவந்தது. அதன்கண் இராமன், கிருட்டிணன் என இரு பெயர்கள் உள்ளன. நாடு அறிவியல் நாளெனக் கொண்டாடும் பிப்பிரவரி 28, அம்மடலுக்குப் பன்னிரண்டு நாள் பிந்தியது! அன்று இதள் விளக்கொளியில், நிறமாலைகாட்டி வழியே, மாறிய ஒளியைத் தனியே பிரித்துக் கண்டனர். அது சிறிய செய்தியன்று. ஆயினும் முதற்படி முன்னரே ஏறப்பட்டுவிட்டது.

1930-இல் நோபெல் பரிசில் இராமன் ஒருவர்க்கே கிடைத்தது. இராமனைக் குறைத்துப் பேசுதல் நயன்மையன்று. 1921-இல் கடற்செலவில் கடலின் நீலத்தைக் கண்டு தொடங்கிய தேடலை ஏழாண்டு விடாது நடத்தியவர் அவரே. பரிசிலேற்புச் சொற்பொழிவில் கிருட்டிணன் பெயரையும், கிளிசரினில் பசிய ஒளியை முன்னரே கண்ட வேங்கடேசுவரன் பெயரையும் அவரே சொன்னார். அவர் சொன்ன பெயர்களை நம் பாடநூல்கள் ஏன் விழுங்கின?

மாசுகோவில் இலாண்சுபெருகு, மாண்டெல்சுடாம் இருவரும் அதே பிப்பிரவரித் திங்களில் படிகக்கல்லில் இவ்விளைவைத் தாமே கண்டனர்; வெளியிடுவதில் பிந்தினர். அதனையும் மறையாது சொல்லுதல் வேண்டும். வெள்ளையன் நம் பெருமையை மறைத்தான் என்று முழங்குவோர், பிறர் பெருமையைத் தாம் மறைக்கலாமா?

கிருட்டிணனோ 1928 இறுதியில் தாக்கா சென்றார், படிகங்களின் காந்தத் தன்மையை ஆய்ந்து, 1940-இல் இலண்டன் அரச கழக உறுப்பினரானார், 1947-இல் தில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார், 1961-இல் மறைந்தார். வரும் பிப்பிரவரி 28-இல் பள்ளிகளில் உரையாற்றும் ஆசிரியர்கள், அம்மடலில் உள்ளவாறே இரு பெயர்களையும் கரும்பலகையில் எழுதட்டும்.