வழு காட்டும் பட்டை



ஒரு நூலகத்தின் நூற்பட்டியலைக் கணிப்பொறித் திரையில் காட்டும் வலைச் செயலி ஒன்றை நீங்கள் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து நூல்களை இட்டுச் சோதித்தபோது பக்கம் இமைப்பொழுதில் வந்தது. நூறு நூல்களை இட்டதும் தயங்கித் தயங்கி வருகிறது. காரணம் யாது? இணைப்பு மந்தமா, கணிப்பொறி பழையதா, தரவுத்தளத்தில் கோளாறா? ஊகத்திற்கு எல்லை ஏது? நாடியைப் பாராமலே மருந்து கொடுக்கும் மருத்துவரைக் கண்டால் நாம் நகைப்போம். ஆயினும் நிரல் எழுதுவோருள் பலர் அவரைப் போலத்தான் நடந்துகொள்கிறோம். நாடி பார்க்க உதவும் ஒரு கருவியைப் பற்றியும், அதனை அமைத்துக்கொள்ளும் முறையைப் பற்றியும் இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

பைத்தான் மொழியில் வலைச் செயலி எழுதுவோர்க்குத் துணைபுரியும் சட்டகங்களுள் ஜாங்கோ புகழ்பெற்றது. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், ஒரு நாளிதழ் அலுவலகத்தில் பிறந்து, 2005-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. நாளிதழின் அவசரத்தில் பிறந்ததாலோ என்னவோ, வேலையை விரைந்து முடிக்க உதவுவது அதன் இயல்பு. அந்த விரைவில் ஓர் இடரும் உண்டு. நாம் எழுதும் ஒரு வரிக்குப் பின்னே தரவுத்தளத்திற்கு எத்தனை வினவல்கள் செல்கின்றன என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனைத் தெரியச் செய்வதே ஜாங்கோ டீபக் டூல்பார் என்னும் துணைநிரல். வழு காட்டும் பட்டை என்று நாம் அதனை அழைக்கலாம்.

இப்பட்டை பக்கத்தின் வலப்புறத்தில் தோன்றும். பக்கம் உருவாக எவ்வளவு நேரம் ஆயிற்று, எந்த வார்ப்புருக்கள் பயன்பட்டன என்பன போன்ற செய்திகளைத் தனித்தனிப் பலகங்களில் காட்டும். அவற்றுள் தலையாயது எஸ்க்யூஎல் பலகம். நம் நூற்பட்டியலை அதில் திறந்து பாருங்கள். நூல்களைக் கேட்டது ஒரு வினவல். பின்னர், 'இந்நூலின் ஆசிரியர் யார்?' என்று ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வினவல். ஆக, நூறு நூல்களுக்கு 101 வினவல்கள்! பட்டியல் எழுதிக்கொண்டு கடைக்கு ஒரே முறை போய்வராமல், உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை, மிளகாய்க்கு ஒரு நடை என்று நாள் முழுதும் நடப்பவரின் கதைதான் இது. ஒன்றைப் போலவே மற்றொன்று வந்திருப்பதையும் பலகம் சுட்டிக் காட்டிவிடும். செலக்ட் ரிலேட்டட் என்னும் கட்டளையை நிரலில் சேர்த்தால், நூலும் ஆசிரியரும் ஒரே வினவலில் இணைந்து வருவர். 101 என்பது ஒன்றாகக் குறைவதைக் கண்ணால் காணும் மகிழ்ச்சி தனி.

இனி, அமைக்கும் முறை. வானொலியில் நிரல் வரிகளைப் படித்துக் காட்டினால் நீங்கள் உறங்கிவிடுவீர்கள். ஆதலால் கருத்தை மட்டும் கூறுகிறேன். துணைநிரலை நிறுவியபின், அமைப்புக் கோப்பில் உள்ள செயலிகளின் பட்டியலில் அதன் பெயரைச் சேர்க்க வேண்டும். முகவரிப் பட்டியலில் அதற்கு ஒரு வழி தர வேண்டும். மிடில்வேர் எனப்படும் இடைநிரல்களின் வரிசையிலும் அதற்கு ஓர் இடம் வேண்டும். இங்கேதான் கவனம் தேவை. வேண்டுகோள் அவ்வரிசையில் மேலிருந்து கீழே செல்கிறது. விடையோ கீழிருந்து மேலே திரும்புகிறது. பக்கத்தைச் சுருக்கி அனுப்பும் ஜிஜிப் இடைநிரல் இருந்தால், பட்டை அதற்குக் கீழே நிற்க வேண்டும். இல்லையேல், மூட்டை கட்டி முடித்தபின் உள்ளே ஒரு பொருளை வைக்க முயன்ற கதையாகிவிடும்.

இவ்வளவும் செய்த பின்னரும் பட்டை தோன்றவில்லை என்று பலர் மனம் சோர்வர். பக்கத்தின் உடற்பகுதியை முடிக்கும் குறிக்கு முன்னால்தான் பட்டை தன்னைச் செருகிக்கொள்கிறது. அக்குறியை எழுத மறந்த பக்கத்தில் அதற்கு நுழைவிடம் இல்லை. என் மாணவர் ஒருவர் இதற்காக அரைநாள் அலைந்தார்.

மேலும், பட்டைக்கு இரண்டு பூட்டுகள் உள்ளன. டீபக் என்னும் அமைப்பு 'உண்மை' என்று இருக்க வேண்டும் என்பது ஒன்று. கேட்பவரின் முகவரி, இன்டர்னல் ஐபிஸ் என்னும் பட்டியலில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. நம் கணிப்பொறி தன்னையே அழைக்கும் முகவரி 127.0.0.1, வழக்கமாக அதனையே அப்பட்டியலில் எழுதுவோம். டாக்கர் கொள்கலத்தினுள் செயலியை இயக்குவோர்க்கு இது போதாது. கொள்கலத்தின் பார்வையில் நம் முகவரி வேறாக இருக்கும்.

இவ்விரண்டாம் பூட்டை நம்பி நான் ஒருமுறை ஏமாந்தேன். ஒரு செயலியைப் பொது வழங்கியில் ஏற்றியபோது டீபக் அமைப்பை மாற்ற மறந்துவிட்டேன். 127.0.0.1 மட்டுமே பட்டியலில் உள்ளது, வெளியார்க்குப் பட்டை தெரியாது என்ற துணிவு வேறு. மறுநாள் மாலை ஒரு மாணவி தொலைபேசியில் அழைத்து, "ஐயா, பக்கத்தின் ஓரத்தில் ஏதோ பட்டை தெரிகிறதே, அதைத் திறந்தால் என் பெயரும் மதிப்பெண்ணும் வருகின்றனவே!" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது.

நடந்தது இதுதான். அவ்வழங்கியில் என் செயலிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்னும் நிரல் வாயிற்காவலனாக நின்றது. உலகின் எம்மூலையிலிருந்து வேண்டுகோள் வந்தாலும், அதனை வாங்கி உள்ளே தருபவன் அக்காவலனே. அவனும் செயலியும் ஒரே கணிப்பொறியில் இருந்தமையால், செயலியின் கண்ணுக்கு ஒவ்வொருவரும் 127.0.0.1 ஆகவே தோன்றினர். வினவல்களை அவற்றின் மதிப்புகளோடு, வந்தவர் எல்லார்க்கும் பட்டை விரித்துக் காட்டிற்று. கடவுச்சொல் என்று பெயரிட்ட அமைப்புகளை அது மறைத்துவிடும்; மாணவியின் மதிப்பெண் மறைக்கத்தக்கது என்று அதற்கு யார் சொல்வார்?

அன்றிரவே அமைப்புக் கோப்பை இரண்டாகப் பிரித்தேன். வீட்டில் பயன்படும் கோப்பில் மட்டும் பட்டையின் பெயர் உண்டு. பொது வழங்கிக்குச் செல்லும் கோப்பில் டீபக் 'பொய்'. பட்டை அங்கே நிறுவப்படுவதே இல்லை.