இடமில்லை என்று சொல்லும் பெட்டி



வீட்டுக்கு இணைய வசதி தரும் சிறு பெட்டியை ரவுட்டர் என்கிறோம். 2004-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.' என்னும் இலவச மென்பொருளைத் தொழில் தெரிந்த பிள்ளைகள் அதில் ஏற்றிக்கொள்வதுண்டு. ஒரு நாள் அந்தப் பெட்டி, 'இடம் போதவில்லை' என்று மறுக்கிறது. வேண்டாத கோப்புகளை அழிக்கிறோம். அப்படியும் இடம் கூடவில்லை. பெட்டி கெட்டுவிட்டதென்று எண்ணி, கூலிப் பணத்தில் புதிது வாங்கிவிடலாமா? வேண்டாம். காரணத்தை முதலில் அறிவோம்.

பள்ளியில் தேசப்படத்தின்மேல் மெல்லிய தாளை விரித்து எழுதுகிறோம் அல்லவா? கீழே இருப்பது அச்சிட்ட படம். அதை மாற்ற முடியாது. மேல்தாளில்தான் எழுதலாம். ரவுட்டரின் ஃபிளாஷ் நினைவகமும் அப்படியே. கீழடுக்கு 'ரோம்'. அது சுருக்கி அடைக்கப்பட்டது. படிக்க மட்டுமே உதவும். மேலடுக்கு 'ஓவர்லே'. நாம் செய்யும் மாற்றங்களும் சேர்க்கும் நிரல்களும் அங்கே தங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

கீழடுக்கில் உள்ள கோப்பை அழித்தால் அது போய்விடுவதில்லை. 'இது இல்லை' என்ற குறி மட்டும் மேலடுக்கில் விழுகிறது. படத்திலுள்ள ஆற்றை மறைக்க மேல்தாளில் வெள்ளை பூசுவது போலத்தான். அந்தப் பூச்சுக்கும் இடம் வேண்டுமே! கீழடுக்கு நிரலின் புதிய பதிப்பை ஏற்றினாலும், பழையது கீழேயே இருக்கும். புதியது மேலே இடம் பிடிக்கும்.

ஆகவே என்ன செய்யலாம்? முதலில் 'டி.எஃப்.' என்ற கட்டளையால் இருப்பைப் பார்ப்போம். ரோம் 100 விழுக்காடு நிறைந்ததாகக் காட்டினால் அஞ்ச வேண்டாம். அது எப்போதும் அப்படித்தான். ஓவர்லே என்ற வரியையே கவனிக்க வேண்டும். அடுத்து, நாமே பின்னால் சேர்த்த நிரல்களில் வேண்டாதவற்றை நீக்குவோம். மேலடுக்கில் இருப்பதை நீக்கினால்தான் இடம் கிடைக்கும்.

அந்த இடமும் உடனே வராமல் போகலாம். ஃபிளாஷில் ஒவ்வோர் எழுத்தாக அழிக்க முடியாது. தொகுதி தொகுதியாகவே அழிக்க முடியும். அந்த வேலைக்குச் சில தொகுதிகள் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். எனவே விளிம்புவரை நிரப்பக் கூடாது.

பெட்டியில் யு.எஸ்.பி. துளை இருந்தால், மேலடுக்கையே ஒரு யு.எஸ்.பி. குச்சிக்கு மாற்றலாம். எதுவும் பலிக்காவிட்டால், அமைப்புகளைக் கணினியில் படியெடுத்து வைத்துவிட்டு, பெட்டியைத் தொடக்க நிலைக்குத் திருப்பலாம். மேல்தாள் வெறுந்தாளாகும், கீழே உள்ள படம் அப்படியே இருக்கும்.

ஆகவே, நேயர்களே, அழித்தும் இடம் வரவில்லையென்றால், எந்த அடுக்கில் அழித்தோம் என்று முதலில் பார்ப்போம்.