பனி நனைந்த இலையும் பிள்ளைகளின் படிப்பும்

(கிளைச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பல்கலைக்கழக மாணவர்கள் தோட்டத்துக்கு வந்து நமக்கு என்ன ஆகப்போகிறது என்று சென்ற கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் நடப்பதைச் சொல்கிறேன்.

அங்கே வட கரோலினா மாநிலத்தில் புகையிலைச் சாகுபடி அதிகம். காட்டில் இறங்கி வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். இவர்களுக்குத் தொண்டு செய்ய 1992-ல் டர்ஹாம் நகரில் ஒரு மாணவர் அமைப்பு தோன்றியது. கோடை விடுமுறையில் 10 வாரம் மாணவர்கள் மருந்தகத்திலும், சட்ட உதவி நிலையத்திலும், தொழிற்சங்கத்திலும் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் பலர் பண்ணைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளே.

மருந்தகத்தில் மொழிபெயர்க்க நிற்கும் மாணவனிடம் தொழிலாளி சொல்கிறார்: தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது. வெயில் என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் பனியிலும் மழையிலும் நனைந்த இலையிலிருந்து நிக்கோட்டின் என்ற நஞ்சு தோல் வழியே உடம்பில் இறங்குகிறது. பச்சைப் புகையிலை நோய் என்று அதற்குப் பெயர். ஈரத் துணியோடு வேலை செய்கிறவர்களை அது அதிகம் பிடிக்கிறதென்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். புத்தகத்தில் மட்டும் வைத்தியம் படித்தவனுக்கு, "காலையில் உன் சட்டை நனைந்திருந்ததா?" என்று கேட்கத் தோன்றுமா? விடியற்காலையில் பனியில் நிற்கும் உங்களுக்குத் தோன்றும்!

சட்ட நிலையத்துக்குப் போனவன் வேறொன்றைக் காண்கிறான். சங்கம் அமைக்கும் உரிமையைக் காக்க 1935-ல் வந்த சட்டம் பண்ணைத் தொழிலாளியை வெளியே நிறுத்தியது. பெற்றோர் சம்மதித்தால், பள்ளி நேரம் போக, 12 வயதுப் பிள்ளை புகையிலைக் காட்டில் வேலை செய்ய மத்திய சட்டம் இடங்கொடுக்கிறது. ஏன் இப்படி? அந்த 'ஏன்'தான் அவனைச் சரித்திரமும் சட்டமும் படிக்கத் துரத்துகிறது.

எனக்கும் ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. 10 வாரத்தில் மாணவன் போய்விடுவான். தொழிலாளி காட்டிலேயே இருப்பான். நம் கண்ணீரை எழுதிப் பட்டம் வாங்கிக்கொண்டு, திரும்பிப் பாராதவன் நமக்கு வேண்டாம்.

இன்று நம் தோட்டங்களில் இந்தோனேசியரும், வங்காளதேசத்தாரும், நேப்பாளிகளும் வேலை செய்கிறார்கள். நம் தாத்தாமார் கப்பலேறி வந்த அதே வயிற்றுப்பாடுதான். கல்லூரிக்குப் போன நம் பிள்ளைகள் விடுமுறையில் வந்து அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கட்டும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகட்டும். ஆனால் பிறகு எழுதுவதை நம் எல்லோருக்கும் புரிகிற மொழியில் இதே கொட்டகையில் படித்துக் காட்டவேண்டும்.

இந்த நிபந்தனையோடு அவர்களை அழைக்கத் தீர்மானம் கொண்டுவருகிறேன். கிராணிமாரில் ஒருவர் வழிமொழிய வேண்டுகிறேன்.