ஓடை நீரை அளப்பது எப்படி?



மேகாலயா ஒரு மலை மாநிலம். அங்கே ஜைந்தியா மலையில் நிலக்கரி கிடைக்கிறது. ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குப் பொந்து குடைந்து கரி எடுத்தார்கள். எலிவளைச் சுரங்கம் என்று அதற்குப் பெயர். 2014 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தடை செய்தது. ஆனால் மூடாமல் விட்ட பழைய குழிகளிலிருந்து கெட்ட நீர் கசிவது நிற்கவில்லை.

அந்தக் கரியில் கந்தகம் உண்டு. காற்றும் தண்ணீரும் பட்டால் அது அமிலமாகிறது. மழை பெய்ததும் அமிலம் ஓடையில் இறங்குகிறது. கூடவே இரும்பும் கரைந்து வருகிறது. சில ஓடைகளில் கல்லெல்லாம் காவி பூசியதுபோல் ஆகிவிட்டது. லூக்கா என்ற ஆறோ குளிர்காலத்தில் நீலமாக மாறியது. பார்க்க அழகுதான். ஆனால் மீன்கள் செத்து மிதந்தன. அசாமில் உள்ள கோப்பிலி மின்நிலையத்துக்கும் இந்த மலைத் தண்ணீர் போகிறது. அங்கே இரும்பு இயந்திரங்களையே அது அரித்துவிட்டது. இரும்புக்கே இந்தக் கதி என்றால் மீன் எம்மாத்திரம்? ஓடையை நம்பியிருந்த பெண்கள் குடத்தோடு வெகுதூரம் நடக்க வேண்டி வந்தது.

தெளிவாக இருக்கிறதே என்று தண்ணீரை நம்ப முடியாது. அளந்து பார்க்க வேண்டும். அதற்குப் பி.எச். காகிதம் போதும். ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். தண்ணீரில் நனைத்தால் நிறம் மாறும். அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டால் ஓர் எண் தெரியும். 7 என்றால் புளிப்பும் இல்லை, சோப்புத் தண்ணீர் போன்ற காரமும் இல்லை. குடிநீர் 6.5 முதல் 8.5 வரை இருக்கலாம் என்பது இந்தியத் தரவிதி. எண் ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடியதாகப் பொருள்.

சுரங்கத்துக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம். இரண்டிலும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். மேலே 7, கீழே 4 என்றால் தண்ணீர் நடுவில்தான் கெடுகிறது.

ஓட்டத்தையும் அளக்க வேண்டும். ஏன்? ஒரு கை உப்பைக் குடத்தில் போட்டால் கரிக்கும். குளத்தில் போட்டால் தெரியாது. மழைக்காலத்தில் ஓடை பெருகினால் அமிலமும் அப்படித்தான் மறைந்துகொள்ளும். வெள்ளம் ஓடும் நாளில் ஒரு தடவை பார்த்துவிட்டு, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஏற்கக் கூடாது. கோடையிலும் பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும்.

ஓட்டத்தை அளப்பது எளிது. கரையில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சி நடுங்கள். மேல் குச்சிக்கு நேரே ஒரு காய்ந்த கட்டையை மிதக்க விடுங்கள். கீழ்க் குச்சிக்கு வர 20 நொடி ஆனால், வேகம் நொடிக்கு அரை மீட்டர். ஓடையின் அகலம் 2 மீட்டர், ஆழம் அரை மீட்டர் என்று வையுங்கள். மூன்றையும் பெருக்கினால் அரைக் கன மீட்டர், அதாவது 500 லிட்டர். அடித்தண்ணீர் மெதுவாக ஓடும். அதற்காக ஐந்தில் ஒரு பங்கு கழியுங்கள். நொடிக்குச் சுமார் 400 லிட்டர் ஓடுகிறது.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, நேரம், இடம், எண், ஓட்டம், முந்தின நாள் மழை பெய்ததா என்பது. காகிதம் புளிப்பை மட்டுமே காட்டும். இரும்பு எவ்வளவு என்று ஆய்வுக்கூடம்தான் சொல்லும். அங்கே அனுப்பும் புட்டியின் மேல், நோட்டில் எழுதிய அதே தேதியையும் இடத்தையும் எழுதி ஒட்டுங்கள்.