எஞ்சினுக்குள் ஒரு தட்டல்

எஞ்சின் சத்தம் நமக்குப் புதிதல்ல. விடியற்காலையில் லோரி வந்து நிற்கும்போதே, "இன்றைக்கு இதற்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறதே" என்று சொல்லிவிடுகிற காதுகள் நம் வீடுகளில் உண்டு. அப்படிப்பட்ட காதுக்கு வேலை வைக்கும் ஒரு கதையைத்தான் இன்று பேசப்போகிறேன். கதை நடக்கும் இடம் அமெரிக்கா.

1964ஆம் ஆண்டு மாடலாக அங்கே போன்டியாக் நிறுவனம் ஜி.டி.ஓ. என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நடுத்தர அளவுள்ள காரின் உடலுக்குள் பெரிய காரின் எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். 389 கன அங்குலம், அதாவது சுமார் 6.4 லிட்டர் கொள்ளளவு. 325 குதிரைத்திறன். விலையோ சாதாரணச் சம்பளக்காரரின் கைக்கு எட்டியது. இவ்வகைக் கார்களுக்கு 'மசில் கார்' என்று பெயர் வந்தது. உடம்பு சிறிது, புஜபலம் பெரிது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1970களில் காப்புறுதிக் கட்டணமும் எண்ணெய் விலையும் ஏறின. புகைக் கட்டுப்பாடுகளும் வந்தன. அந்தக் காலம் முடிந்தது. ஆனால் அந்தக் கார்களைப் பிள்ளைபோல் பேணி வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவரிடம் 1969ஆம் ஆண்டின் ஷெவர்லே கமாரோ ஒன்று இருப்பதாக நினைத்துக்கொள்வோம். எட்டு சிலிண்டர், 5.7 லிட்டர், தானாக மாறும் கியர். ஒரு நாள் காலையில் எஞ்சினை முடுக்குகிறார். 'டக், டக், டக்' என்று அடியிலிருந்து ஒரு தட்டல். முந்திய நாள் அது இல்லை.

இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். எஞ்சினின் அடிப்பகுதியில் பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கம்பி ஒன்று இருக்கிறது. அதைக் கனெக்டிங் ராட் என்பார்கள். அது கிராங்க் தண்டைப் பற்றும் இடத்தில் ஒரு பேரிங் உண்டு. அதற்கும் தண்டுக்கும் இடையே ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர் இடைவெளிதான். அதில் எண்ணெய்ப் படலம் நின்று உலோகம் உலோகத்தைத் தொடாமல் காக்கிறது. பேரிங் தேய்ந்தால் தட்டல் வரும். தட்டலோடு ஓட்டினால், கம்பி முறிந்து எஞ்சின் சுவரையே துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடக்கூடும். ஆகவே அடியிலிருந்து தட்டல் கேட்டதும், "எஞ்சினைக் கழற்று" என்று ஆணையிடத் தோன்றுவது இயல்புதான். கழற்றினால் பணமும் போகும், மாதங்களும் போகும். காரணம் வேறாக இருந்தால் இரண்டும் வீண்.

விவரமறிந்த ஒரு மெக்கானிக் முதலில் பார்ப்பது எண்ணெயைத்தான். அளவுக் குச்சியை இழுத்துப் பார்ப்பார். பிறகு எண்ணெய் அழுத்தத்தை ஒரு நல்ல அளவுமானியால் அளப்பார். அழுத்தம் சரியாக இல்லையென்றால் எஞ்சினை உடனே நிறுத்திவிட வேண்டும். மேற்கொண்டு சோதனை என்ற பேச்சே இல்லை. நம் கமாரோவில் அழுத்தம் சரியாகவே இருக்கிறது. ஆகவே மேலே போகலாம்.

அடுத்து, சத்தம் எப்போது வருகிறது என்ற கேள்வி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடேறியதும் மறைந்தால், பெரும்பாலும் புகைபோக்கிக் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் கசிவு இருக்கும். இரும்பு சூட்டில் விரிந்து அந்தச் சந்தை அடைத்துவிடுகிறது. தேய்ந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதும் சத்தமும் இப்படியே சூட்டில் அடங்கும். நம் காரில் அப்படி இல்லை. குளிரிலும் சூட்டிலும் ஒரே தட்டல்.

பிறகு தாளம். இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு, கிராங்க் தண்டின் பாதி வேகத்தில்தான் சுற்றும். எஞ்சின் நிமிடத்திற்கு 600 சுற்று சுற்றினால் கேம் 300 சுற்று. முதல் சிலிண்டரின் தீப்பொறிக் கம்பியில் பொருத்தும் மின்னல் விளக்கு ஒன்று பட்டறைகளில் இருக்கிறது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் அது ஒரு முறை மின்னும். ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு தட்டல் என்றால் பெரும்பாலும் மேற்பகுதி வால்வுச் சங்கதி, அல்லது ஒரு சிலிண்டரைச் சார்ந்த கோளாறு. இரண்டு தட்டல் என்றால் கிராங்க் தண்டோடு சுற்றும் ஏதோ ஒன்று. நம் காரில் இரண்டு. சொந்தக்காரர் முகம் வாடிவிடுகிறது.

(வால்வுப் பக்கம் என்றாலும் இந்தப் பழைய கார்களில் அலட்சியம் கூடாது. அவற்றின் கேம் தண்டுக்குத் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு கலவை எண்ணெயில் வேண்டும். புதிய கார்களின் புகைவடிகட்டியை அது கெடுக்கிறது என்பதற்காக இன்றைய எண்ணெய்கள் பலவற்றில் அதைக் குறைத்துவிட்டார்கள். புதிய எண்ணெயே பழைய எஞ்சினைத் தேய்த்துவிடும் விந்தை இது!)

மனம் தளராமல் அடுத்த சோதனை. காப்புள்ள குறடால் தீப்பொறிக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அந்தந்தச் சிலிண்டரின் வேலையை நிறுத்திப் பார்க்க வேண்டும். வெறுங்கையால் தொட்டால் மின்சாரம் தூக்கி அடிக்கும். பேரிங் தேய்ந்த சிலிண்டரின் முறை வரும்போது தட்டல் தணியும். எட்டையும் பிடுங்கியாயிற்று. எதிலும் மாற்றமில்லை.

இப்போது ஒரு நீளமான திருப்புளி. அதன் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதருகே வைத்துக் கேட்க வேண்டும். டாக்டர் மார்பில் குழல் வைப்பதைப்போலத்தான். முன்னால் சுழலும் காற்றாடியில் சட்டைக் கையோ தலைமுடியோ சிக்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம். முன்பக்கம் மங்கலாகக் கேட்கிறது. நடுவிலும் அப்படியே. பின்னால், கியர் பெட்டி சேரும் இடத்தில், காதில் அறைகிறது.

அங்கே என்ன இருக்கிறது? கிராங்க் தண்டின் பின்முனையில் ஆறு போல்ட்டுகளால் முடுக்கிய ஒரு மெல்லிய எஃகுத் தகடு. அதற்கு பிளெக்ஸ் பிளேட் என்று பெயர். கியர் பெட்டியின் கன்வெர்ட்டர் இந்தத் தகட்டோடு மூன்று போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். காரின் அடியில் படுத்து, மூடித் தகட்டைக் கழற்றி, அந்த மூன்று போல்ட்டுகளையும் எடுத்து, கன்வெர்ட்டரைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எஞ்சினை முடுக்குகிறார் மெக்கானிக். தட்டல் போய்விட்டது!

கியர் பெட்டியை இறக்கிப் பார்த்தபோது, ஆறு போல்ட்டுத் துளைகளையும் சுற்றி மயிரிழைபோல் ஒரு வெடிப்பு ஏறக்குறைய வட்டமாக ஓடியிருந்தது. நடுப்பகுதி தனியே நின்று ஒவ்வொரு சுற்றிலும் இடித்துக்கொண்டிருக்கிறது. எஞ்சினுக்குள் ஒரு நோயுமில்லை. புதிய தகடு, புதிய போல்ட்டுகள், ஒரு நாள் வேலை. பழைய தகட்டைச் சொந்தக்காரர் வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறாராம்.