கீபோர்டு சாகவில்லை

புதிய மதர்போர்டில் விண்டோஸ் 7 ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இந்தத் தவிப்பு தெரியும். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் ஓடும் பயாஸ் திரையில் கீபோர்டு நன்றாக வேலை செய்யும். மொழியைக் கேட்கும் முதல் திரை வந்ததும் கீபோர்டு, மவுஸ் இரண்டும் நின்றுவிடும். உடனே கடைக்கு ஓடிப் புதுக் கீபோர்டு வாங்காதீர்கள். கோளாறு அதில் இல்லை.

பயாஸ் செய்யும் ஒரு வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த பிஎஸ்/2 கீபோர்டைத்தான் பழைய மென்பொருள்களுக்குத் தெரியும். நாம் செருகுவதோ யுஎஸ்பி கீபோர்டு. ஒரு விசையை அழுத்தியதும் பயாஸ் பிராசஸரைக் கணநேரம் தன் பக்கம் இழுத்து, பிஎஸ்/2 கீபோர்டே அனுப்பியதுபோல அந்த எழுத்தை உரிய இடத்தில் வைத்துவிடுகிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இது நடப்பதே தெரியாது! யுஎஸ்பி என்றால் என்னவென்றே அறியாத டாஸ்கூட இதனால்தான் யுஎஸ்பி கீபோர்டுக்குப் பணிகிறது.

விண்டோஸ் 7 அப்படியல்ல, தன் சொந்த டிரைவரைத் தேடும். அது வெளிவந்தது 2009-ல். யுஎஸ்பி 3-க்கான எக்ஸ்ஹெச்சிஐ கன்ட்ரோலருக்கு அதில் டிரைவர் கிடையாது. 2015-ல் வந்த ஸ்கைலேக் பிராசஸர்களுக்கான சிப்செட்டில் இன்டெல், விண்டோஸ் 7-க்குத் தெரிந்த பழைய யுஎஸ்பி கன்ட்ரோலரையே எடுத்துவிட்டது. பயாஸின் அந்த உதவியும் பல போர்டுகளில் விண்டோஸ் ஏறும்போது நின்றுபோகிறது.

ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இப்படித்தான் ஆனது. அங்கிருந்த கருவியின் மென்பொருள் விண்டோஸ் 7-ஐ விட்டால் வேறு எதிலும் ஓடாது. போர்டின் பின்பக்கம் பாதி ஊதா, பாதி பச்சையாக ஒரு வட்டத் துளை இருந்தது. அதுதான் பிஎஸ்/2! பரணில் கிடந்த பழைய கீபோர்டைத் துடைத்து மாட்டினோம். கவனியுங்கள், கரன்ட்டை நிறுத்திவிட்டுத்தான் மாட்ட வேண்டும். மவுஸே இல்லாமல், டேப் விசையும் என்டர் விசையுமாக விண்டோஸ் ஏறியது. அடுத்து யுஎஸ்பி 3 டிரைவரைப் பென் டிரைவில் கொண்டுபோகலாமா? அதுவும் யுஎஸ்பிதானே! டிவிடியில் எழுதிப் போட்டோம். மவுஸில் சிவப்பு விளக்கு எரிந்ததும் அங்கிருந்த அம்மா கைதட்டியே விட்டார்.

வட்டத் துளை இல்லாத போர்டா? இன்ஸ்டால் டிஸ்க்கிலேயே முன்கூட்டி டிரைவரைச் சேர்க்க வேண்டும். அதிலுள்ள பூட்.விம், இன்ஸ்டால்.விம் என்ற ஃபைல்கள் இரண்டிலும் சேருங்கள். இரண்டாவதை விட்டால் ரீஸ்டார்ட் ஆனதும் கீபோர்டு மறுபடி நிற்கும்.

கடைசியாக ஒன்று. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதால் அந்தக் கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் இணைக்காதீர்கள். நன்றாக உழைக்கும் ஒரு கருவி, கீபோர்டு பேசவில்லை என்பதற்காகக் காயலான் கடைக்குப் போகக் கூடாது என்பதே என் ஆசை.